குழியைச் சுற்றி மஞ்சள்

காலையில் நடப்பது உடம்புக்கு நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் நடக்கத்தான் அந்த மைதானத்துக்குப் போனேன். காசு கட்டினால் யார் வேண்டுமானாலும் கோல்ஃப் ஆடலாம் என்கிற பொது மைதானம். ஓய்வு பெறும்வரை அதன் புல்லைப் பார்த்துக்கொண்டவன் நான். எனக்குப் பின் அந்த வேலைக்கு வந்தவர் என் மாப்பிள்ளை.

குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை இருக்கிறதே, அதை கிரீன் என்பார்கள். ஆட்டத்தின் வெற்றி தோல்வியே அங்கேதான். மாப்பிள்ளை வந்தபிறகு அது கம்பளம் மாதிரி ஆனது உண்மை. "இப்பத்தாங்க பந்து நேரா உருளுது" என்று ஆடுகிறவர்கள் என் காதுபடவே சொன்னார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. என் மகள் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு அவருக்காகக் காத்துக் கிடந்தாள், அதுதான் பொறுக்கவில்லை. புல் கெட்டால் வேலை போகும், வேலை போனால் மனுஷன் வீடு தங்குவார். நான் நினைத்தது அவ்வளவுதான்.

தண்ணீர் பாட்டிலில் களைக்கொல்லி கொண்டுபோவேன். நடக்கிற போக்கில் குழியோரம் கொஞ்சம் சாய்ப்பேன். சீக்கிரமே அங்கங்கே மஞ்சள் திட்டு விழுந்தது.

அதன்பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கிற பார்வையே மாறிப்போனது. மேனேஜர் மாப்பிள்ளையைச் சந்தேகப்பட்டார். மாப்பிள்ளை மருந்தடிக்கிறவரைச் சந்தேகப்பட்டார். என்னிடம் கேட்டபோது, "அவன் முழியே சரியில்ல மாப்ள" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஆளை வேலையைவிட்டு அனுப்பினார்கள். திட்டுகள் நிற்கவில்லை. கடைசியில் மாப்பிள்ளைக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. மருந்து கலக்கும்போது அளவைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்.

"மாமா, காலைல நீங்கதானே நடக்கறீங்க. யாராவது வந்தா கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

சொல்கிறேன் என்றேன்.

ஒருநாள் விடியலில் அவர் எனக்கு முன்பே வந்து பம்ப் ஷெட் பக்கம் நின்றிருக்கிறார். நான் கவனிக்கவில்லை.

"பனியில உங்க செருப்புத் தடம் மட்டும்தான் இருக்கு மாமா."

கத்தவில்லை. பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்தார். கண் கலங்கியது.

"அவகிட்ட சொல்லமாட்டேன். தாங்கமாட்டா. இப்பவே தண்ணி விட்டா புல் கொஞ்சமாவது பொழைக்கும்."

பம்ப் ஷெட்டை ஒட்டித் தரைமட்டத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் குனிந்து வால்வைத் திறந்தார். சொல்லமாட்டேன் என்கிறவர்கள்தான் என்றைக்காவது சொல்லிவிடுவார்கள். அவர் முதுகில் கை வைத்தேன். ஆறுதலுக்காக வைத்தேன் என்றுதான் உங்களிடம் சொல்ல நினைத்தேன். இல்லை, அழுத்தித்தான் வைத்தேன். தொட்டி நல்ல ஆழம், சுவரெல்லாம் பாசி. "மாமா, மாமா" என்று கூப்பிட்டார். தண்ணீர் வீணாகக் கூடாதென்று வால்வை மூடிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

மகள் இப்போது என்னோடுதான் இருக்கிறாள். வேளாவேளைக்குச் சாப்பாடு வைக்கிறேன், தட்டைத் தொடுவதில்லை. நேற்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"அன்னைக்கு அவர் உங்களைத் தேடித்தான்ப்பா வந்தார். என்ன பேசினார்?"

"புல்லைப் பத்தித்தாம்மா" என்றேன்.

நீங்களே சொல்லுங்கள், அது உண்மைதானே. பெற்ற மகளிடம் நான் பொய் சொன்னதே இல்லை.