துருப்பிடிக்காத கம்பி

துணி காயப்போட எங்கள் தெருவிலேயே வசதியான மாடி என்னுடையதுதான். எட்டு மணி வெயில் நேராக விழும். போன வருஷம் அந்த வெயிலுக்குக் குறுக்கே ஒரு கம்பத்தின் நிழல் வந்து விழுந்தது. நீங்கள் நேற்று நடந்ததை மட்டும் கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. படித்தவர்களுக்கு முன்கதை கேட்கப் பொறுமை கிடையாது. இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

கம்பம் பக்கத்து வீட்டுக்காரருடையது. கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். தெருவுக்கு அவர் புரொபசர், எனக்கு ரேடியோக்காரர். கொல்லையில் அறுபது அடி இரும்பை நட்டு, உச்சியில் மீன் முள் மாதிரி ஓர் ஆன்டெனாவை மாட்டினார். காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து, கடலுக்கு அப்பால் இருக்கும் முகம் தெரியாதவனிடம் "அங்க மழையா?" என்று கேட்பார். லைசென்ஸ் வாங்கிச் செய்கிற வெட்டிப் பேச்சு.

கம்பம் வந்த மாதமே எனக்குத் தலைவலி வந்தது. வலித்த நாளையெல்லாம் காலண்டரில் சுழித்து வைத்தேன். குடியிருப்புப் பகுதியில் நாற்பது அடிக்கு மேல் கம்பம் கூடாது என்று நகராட்சி விதி இருக்கிறது. மனுக் கொடுத்தேன். விசாரணைக்கு அவர் ஒரு தடித்த நோட்டோடு வந்தார். என்றைக்கு, எத்தனை மணிக்கு, யாரோடு பேசினார் என்று அதில் ஒன்று விடாமல் எழுதியிருந்தார். அதிகாரியம்மா அதையும் என் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பெரியவரே, இவரோட ரேடியோ செட்டு பதினோரு நாள் ரிப்பேருக்குப் போயிருக்கு. அதுல ஒம்பது நாள் உங்களுக்குத் தலைவலி. செட்டே இல்லாம எப்படி வலிச்சுது?"

"ரிப்பேருன்னு அவர்தானே சொல்றாரு? நோட்டும் அவர் எழுதினதுதானே?"

"கடைக்காரர் குடுத்த சீட்டும் இருக்கே."

கூடத்தில் இருந்த தெருக்காரர்கள் சிரித்தார்கள். "தாத்தா தலைக்குள்ளயே ஒரு ஸ்டேஷன் ஓடுதுடா," என்றான் ஒருவன். ரேடியோக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். சிரித்தவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

விதிவிலக்கு கொடுத்து அவருக்கு அனுமதி வந்தது. அடுத்த வாரம் அவரே என் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, ஜெயிச்சுட்டேன்னு நான் நினைக்கல. பக்கத்துல இருக்கறவரு நிம்மதியா இருக்கணும். மேல இருபது அடியக் கழட்டிடறேன், நாப்பது போதும் எனக்கு. நானே ஏறிடுவேன். ஸ்டே கம்பிய மட்டும் நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க. உங்க அளவுக்கு அந்த வேலை யாருக்குத் தெரியும்?"

சட்டம் பிடுங்கித் தராததை இவர் பிச்சையாகப் போடுகிறாராம். சரி என்றேன்.

முப்பத்தெட்டு வருஷம் நான் கிரேனுக்கும் கம்பத்துக்கும் கம்பிவடம் கட்டியவன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்த ஒன்றுதான் தெரியும். உயரமான கம்பம் தன் காலில் நிற்பதில்லை. மூன்று பக்கமும் இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பியில்தான் நிற்கிறது. நேற்றுக் காலை பத்து மணிக்கு, எல்லோரும் பார்க்கவே, மூன்றின் அடியிலும் குனிந்து வேலை பார்த்தேன். அவர் மனைவி எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டு, "தலைவலிக்குத் தைலம் ஏதாவது தரட்டுமாண்ணே?" என்று கேட்டார்.

"எப்படிண்ணே இருக்கு?" என்றார் அவர், இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டே.

"கல்லு மாதிரி இருக்கு. ஏறுங்க."

ஐம்பது அடி ஏறியதும் எனக்குக் கையாட்டினார். பிறகு கம்பம் அவரோடு சாய்ந்தது. என் வீட்டுப் பக்கம் சாயாது என்று எனக்குத் தெரியும். கொடியில் கிடந்த சட்டை கூட விழவில்லை.

உங்கள் ஆட்கள் வந்தார்கள். கம்பியைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்காமல் 'துருப்பிடித்து அறுந்ததால் விபத்து மரணம்' என்று எழுதினார்கள். ஒருவர் என் தோளைத் தட்டி, "வயசாச்சு, கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது, மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க," என்றார். அதற்காகத்தான் காலையில் கிளம்பி வந்தேன். நான் பார்த்துச் சொன்ன கம்பி துருவில் அறுந்தது என்று ஊர் பேசினால் எனக்குக் கேவலம்.

துரு என்பதை அடித்துவிடுங்கள். கம்பி புதுசு. என் வீட்டுப் பக்கத்துக் கம்பியை இறுக்கிப் பிடிக்கும் திருகாணியை, கடைசி இரண்டு மரை மட்டும் பிடித்து நிற்கும்படி கழற்றி வைத்தது நான். ஆள் மேலே போகப் போக அது விட்டுவிடும் என்று தெரிந்துதான் ஏறச் சொன்னேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

தலைவலியா? நேற்று முழுக்க இல்லை. இங்கே வந்து உட்கார்ந்ததிலிருந்து மறுபடி வலிக்கிறது. உங்கள் மாடியிலும் ஒரு வயர்லெஸ் கம்பம் நிற்பதை வரும்போதே பார்த்தேன். செட்டு ஒரு வாரமாக ரிப்பேர் என்கிறார் வாசலில் நிற்கும் உங்கள் காவலர்.

ரேடியோக்காரரும் அப்படித்தான் சொன்னார்.