குழாய்க்கு எண்ணத் தெரியுமா

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. ஒரு காகிதத்தை நாலாக மடித்து அடியில் வையுங்கள், ஆடாது. சாய ஆலையில் இருபத்தாறு வருடம் பராமரிப்பு மேற்பார்வையாளனாக இருந்தவன் நான். எது ஆடினாலும் என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

ஆலையில் எனக்குப் 'பேயோட்டி' என்று பட்டப்பெயர். கிண்டல்தான், ஆனாலும் உள்ளுக்குள் பெருமை. பழைய கொதிகலனில் எப்போதோ ஒருவர் வெந்து செத்தார். அதை அணைத்துப் போட்ட பிறகும் அவர் உள்ளேயே இருப்பதாகப் பேச்சு. பேயாவது பிசாசாவது என்று திங்கட்கிழமைகளில் சாப்பாட்டு இடைவேளையில் கரும்பலகை வைத்துப் பாடம் நடத்துவேன். சிரிக்கச் சிரிக்கச் சொல்வேன், கூட்டம் கூடும்.

போன வருடம் என் மனைவி இறந்தாள். செத்தவர்களைப் பேசவைப்பதாகச் சொல்லும் ஓர் அம்மாளின் வீட்டுக்கு நான்கு முறை போனேன். ஆராய்ச்சிக்காகப் போனேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். நான்காம் முறை வெளியே வந்தபோது வாசல் பெஞ்சில் என் மைத்துனன் தன் முறைக்காகக் காத்திருந்தான். மனைவியின் தம்பி, எங்கள் ஆலையிலேயே எலக்ட்ரீஷியன். கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"அக்கா பேசுச்சா அத்தான்? என்னைப் பத்தி ஏதாவது கேட்டுச்சா?"

எனக்கு உடம்பே கூசியது. அவன் அத்தோடு விடவில்லை.

"நீங்களே நம்புறீங்கன்னா எல்லாருக்கும் எவ்ளோ ஆறுதலா இருக்கும். திங்கக்கிழமை பாடத்துல சொல்லிடுங்க அத்தான். கூச்சமா இருந்தா நான் சொல்றேன்."

அவன் மனசில் கள்ளமே கிடையாது. கள்ளம் இருந்திருந்தால் பேசிச் சரிக்கட்டியிருக்கலாம்.

சனிக்கிழமை பிற்பகல், எல்லோரும் போன பிறகு, பழைய கொதிகலனுக்குள் ஒரு வயரைப் பார்க்கச் சொன்னேன். ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு உண்டு. "லைட்டைக் கொஞ்சம் காட்டுங்க அத்தான்" என்றபடி நுழைந்தான். மூடியைப் பொருத்தி எட்டு போல்ட்டையும் முடுக்கினேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. அவன் தனிக்கட்டை. காணோமென்று தேடக்கூடிய ஒரே ஆள் அவன் அக்காதான்.

திங்கட்கிழமை ஆலை முழுக்க ஒரே பேச்சு, கொதிகலன் தட்டுகிறது என்று. காவலாளி கையில் ஸ்பானரோடு வந்து நின்றார்.

"ஒரு தடவை தொறந்து பாத்துடறேன் சார். ஒண்ணுமில்லேன்னா பயம் விட்டுடும்."

"தொறந்து பாக்கணும்னு தோணினாலே பேயை நம்புறீங்கன்னுதான் அர்த்தம்" என்றேன்.

பெரிய மனிதர், வெட்கப்பட்டுத் தலையைச் சொறிந்தார். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

அன்று பாடம் நன்றாக அமைந்தது. பழைய கொதிகலனை ஒட்டி ஓடும் நீராவிக் குழாய்க்குள் அகப்பட்ட காற்று, சூடு, குளிர்ச்சி என்று படம் போட்டுக் காட்டினேன். எனக்குப் பின்னால் கொதிகலன் தட்டிக்கொண்டே இருந்தது. பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி எழுந்தாள். வாய்த்துடுக்குக்காரி.

"அதென்ன சார், மூணு தட்டு, அப்புறம் நிக்குது, திரும்ப மூணு. குழாய்க்கு எண்ணத் தெரியுமா?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அழுத்தம் ஒரே சீராக ஏறி இறங்கினால் சத்தமும் சீராகத்தான் வரும் என்று விளக்கினேன். அவளும் ஒப்புக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே பேய் இல்லை என்றுதான் நான் சொன்னேன். செவ்வாய்க்கிழமை மாலை வரை அது முழு உண்மை.

சத்தம் நின்றுபோனதுதான் காவலாளிக்குப் பொறுக்கவில்லை. வியாழக்கிழமை என்னைக் கேட்காமலே திறந்துவிட்டார். மற்றது உங்களுக்குத் தெரியும். கொன்றது நான்தான், எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள்.

அதற்கு முன் ஒரு சின்ன உதவி. நீங்கள் எழுதிக்கொண்டிருந்தபோது நடுநடுவே கேட்டிருப்பீர்கள், மூன்று, ஓர் இடைவெளி, திரும்ப மூன்று. நீங்கள் தலை நிமிரவே இல்லை. யாரையாவது கூப்பிட்டு, இந்தச் சுவருக்குள் குழாய் ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓடும். கட்டாயம் ஓடும். திறந்தெல்லாம் பார்க்க வேண்டாம், ஓடுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.