அருள்நாயகியின் வாள்பிடி

எங்கள் வீட்டில் சட்டி கழுவுவது நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வாள்களைத் துடைத்து எண்ணெய் பூசுவதும் நான்தான். மனைவிக்கு ஒத்தாசையான மனிதன் என்று ஸ்காபரோவில் அஜின்கோர்ட் பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் நல்ல பெயர் உண்டு. கிளப்பின் விசாரணைக் குழுவினர் இதையும் குறித்துக்கொண்டால் நல்லது.

உங்களில் இருவர் வாளைத் தொட்டதே இல்லை என்று அறிந்தேன். ஆகவே விளக்கமாகவே சொல்கிறேன். ரேப்பியர் என்பது பழைய ஐரோப்பியர்களின் நீண்ட மெல்லிய வாள். எங்கள் வாள்வீச்சுக் கிளப்பில் அதற்குக் கூர் கிடையாது, நுனியில் ரப்பர்த் தொப்பி இருக்கும். ஆபத்து நுனியில் இல்லை, பிடியில்தான். கையைச் சுற்றி இரும்பு வளையங்கள் ஓடும். அவற்றில் பிசிறு இருக்கக்கூடாது. குறுக்குக் கம்பியின் முனைகள் உருண்டையாக இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வளையங்களுக்கிடையே எதிராளியின் ரப்பர் நுனி புகக்கூடாது. புகுந்தால் விரல் போய்விடும். கிளப்பின் உபகரணப் பரிசோதகர் நான். தேறிய பிடியில் பச்சை டேப் ஒட்டுவேன், தேறாததில் சிவப்பு. என் டேப்பை நம்பியவர்களில் ஒருவருக்கும் அதுவரை நகம்கூடப் பெயர்ந்ததில்லை.

என் மனைவி அருள்நாயகியைக் கிளப்பில் சேர்த்ததும் நானே. டாக்டர் அவளை நடக்கச் சொன்னார். ஸ்காபரோ பனியில் எங்கே நடப்பது? அந்தக் குளிர்காலம் முடியுமுன் அவள் என்னைத் தோற்கடித்தாள். எனக்கு அதில் சந்தோசம். அடுத்தமுறையும் சந்தோசம் என்றுதான் சொன்னேன். பிறகு அவள் தேநீர் மேசையில் விளக்கம் தரத் தொடங்கினாள்.

“என்னப்பா, உங்கட முழங்கை வெளியால விரியுது. அதாலதான் நான் உள்ளுக்க வாறன்,” என்பாள், றோல்ஸைக் கடித்தபடி.

நான் தலையாட்டுவேன். உள்ளே பற்றி எரிந்தது, அதை உங்களிடம் மறைக்கவில்லை. பரிசோதகர் என்ற என் பட்டத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு என்னை நாயகி அன்ரியின் கணவர் என்று அறிமுகம் செய்தார்கள்.

ஒஷாவா நகரத்துப் போட்டி நெருங்கியது. அவளுக்குக் காயம்பட வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. அந்த ஒரு போட்டியில் அவள் விளையாடாமல் இருந்தால் போதும். எண்ணெய் பூசும்போது அவளுடைய பிடியின் கீழ்வளையத்தைக் குறட்டால் மெல்ல வெளியே இழுத்தேன். ஒரே நாளில் இழுத்தால் கண்ணில் படும். ஞாயிறுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால் அவள் கை பழகிவிடும். கடைசியில் என் சொந்த வாளின் நுனியை விட்டுப் பார்த்தேன். சுகமாகப் போய் வந்தது.

நானே சிவப்பு டேப் ஒட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒட்டினால் அவள் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். வீட்டில் சமாதானம் முக்கியம். ஆகவே பச்சையை ஒட்டினேன். ஒஷாவாவில் வாள்களை மறுபடி அளப்பவன் மரியோ. அவன் அவளை விலக்குவான், நான் ஆறுதல் சொல்வேன் என்பதுதான் ஏற்பாடு. என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

மரியோ அவளுடைய வாளை எடுத்தான், பச்சை டேப்பைக் கண்டான், அளக்காமலே திருப்பிக் கொடுத்தான்.

“அளந்து பாரும், தம்பி,” என்றேன்.

“அமிர்தநாதர் அண்ணை ஒட்டின டேப்புக்கு மேல நான் அளக்கிறதோ? மரியாதையில்லை. ஆக்கள் என்ன சொல்லுவினம்?”

“பரவாயில்லை, அளவும்.”

“சும்மா இருங்கோ அண்ணை,” என்று சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டான்.

நான் இரண்டுதரம் கேட்டேன் என்பதைக் குழு கவனிக்க வேண்டும். விதியை மீறியவன் அவன்.

அரையிறுதியில் எனக்கு எதிராக அவளே வந்தாள். அப்போதும் வாயைத் திறந்திருக்கலாம். முகமூடி போட்டபின் கதைப்பது அழகில்லை என்று இருந்துவிட்டேன். அவள் இன்னொருமுறை தொட்டால் நான் வெளியே. என் முழங்கை விரிந்திருக்க வேண்டும், அவள் உள்ளே வந்தாள். வழக்கமாக மார்பை நோக்கிப் போகும் என் வாள் அன்று கீழே இறங்கியது. நான் குறிபார்க்கவில்லை. அந்த இடைவெளி எங்கே என்று உலகத்தில் ஒருவனுக்கு மட்டுமே தெரியும், அவனுடைய கை தானாகப் போய்விட்டது. அவளுடைய நடுவிரல் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவளால் தொடர முடியாததால் நான் இறுதிப் போட்டிக்குப் போனேன். அங்கே தோற்றேன், மனம் சரியில்லை.

ஆஸ்பத்திரியில் விரலுக்குக் கட்டுப் போடும்போது அவள் என்னைத் தேற்றினாள்.

“விரல்தானே, ஆறும். ஆனா உங்கட முழங்கை இப்பவும் விரியுதப்பா.”

இப்போது எல்லாம் நல்லபடியாகப் போகிறது. சமையலும் நானே பார்க்கிறேன். அவள் இடக்கையால் பயிற்சி செய்கிறாள். போன வியாழக்கிழமை அந்தக் கையாலும் என்னைத் தோற்கடித்தாள். எனக்கு அதில் சந்தோசம்.

என்னைப் பதவியிலிருந்து நீக்குவது உங்கள் விருப்பம். ஒரேயொரு வேண்டுகோள். இடக்கைக்காரருக்கான புது வாளொன்று அவளுக்கு வந்திருக்கிறது. அதை மட்டும் நான் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன். வளையங்கள் கொஞ்சம் நெருக்கமாக இருப்பதுபோல் தெரிகிறது, அவளுக்குக் கை நோகும்.