ஒண்ணாம் நம்பர் ஆர்டர்

— மோனிக்கா அக்கா, இந்த ஒண்ணாம் நம்பர் ஆர்டர மட்டும் அழிச்சிட்டா புது அட்மின் பக்கம் ரெடி லா. யாரோ டெஸ்ட் பண்ணப் போட்டது.

— துளசி, மௌஸ்ல இருந்து கைய எடு.

— எடுத்துட்டேன்.

— அது டெஸ்ட் இல்ல. என் பூ.

— பூக்கடைல உக்காந்து ஆர்டர் எழுதுறவங்களுக்கு எதுக்குக்கா ஆர்டர்?

— நானும் கேட்டேன், எங்க வீட்டுக்காரரு கிளிஃபர்ட் கிட்ட. அவரு தானே இந்தக் கடைக்குக் கம்ப்யூட்டர்ல எல்லாம் செஞ்சு குடுத்தாரு. சரியா ஓடுதான்னு பாக்க முத ஆர்டரா என் பேரப் போட்டாரு. தினம் ஒரு முழம் மல்லி, காலைல ஏழு மணிக்கு, டத்தோ கிராமாட்ல இருக்குற எங்க வீட்டுக்கு. கடைல கெடக்குற பூ வேற, வீடு தேடி வர்ற பூ வேறன்னாரு.

— இன்னுமா வருது?

— அவரு போயி மூணு வருஷம். ஒரு நாள் தப்பல. டெலிவரிப் பையன் ஹைருல் மோட்டார்ல வந்து கேட்ல மாட்டிட்டுப் போவான். எடுத்துக் கொண்டைல வைப்பேன். மாதா கோயில்ல நாலு பேரு ஒரு மாதிரி பாத்தாங்க. பாக்கட்டும்.

— அதுக்குத் தான் புதுசு வேணாம் வேணாம்னு ஒரு வாரமா என்ன இழுத்தடிச்சீங்களா?

— நீ மாத்துற வேகத்துல என் பூவையும் தூக்கிட்டா? பழசு நல்லாத் தானே ஓடுது.

— நல்லாவா? போன மாசம் கெப்பாலா பத்தாஸ்ல நடந்த கோயில் கல்யாணத்துக்கு என்ன போச்சு, சொல்லுங்க.

— சர்ச் கல்யாணத்துப் பொக்கே.

— சர்ச்சுக்கு?

— கல்யாண மாலை. அந்தப் பொண்ணு அதப் போட்டுக்கிட்டே பாதர் முன்னாடி நடந்து போச்சு. படத்துல நல்லாத் தான் லா இருந்துச்சு.

— தேதிக்கு, எடத்துக்கு, பூவுக்குன்னு தனித்தனிக் கட்டம் இருக்கு. நீங்க எல்லாத்தையும் கடைசில இருக்குற ரிமார்க்ஸ் கட்டத்துல ஒரே மூச்சுல எழுதுறீங்க.

— மத்த கட்டமெல்லாம் கேள்வி கேக்குது, அதுவும் இங்கிலீஷ்ல. ரிமார்க்ஸ் ஒண்ணு தான் நம்மள எதுவும் கேக்காது.

— அதத் தான்க்கா மாத்தியிருக்கேன். ஃபிரேம்வொர்க்கோட ரெடிமேடா வர்ற பக்கத்த கிளிஃபர்ட் அண்ணன் அப்படியே போட்டுட்டாரு. அது கம்ப்யூட்டருக்கு வசதி. புதுசு நீங்க போன்ல கேக்குற வரிசைல கேக்கும். யாரு, எப்போ, எங்க, என்ன பூ. தமிழ்லயே.

— என் பூ?

— புதுப் பக்கத்துக்குக் கொண்டாந்துட்டேன். பாருங்க, ஒண்ணாம் நம்பர், மோனிக்கா.

— கீழ என்ன மஞ்சக் கட்டம்? பழசுல இல்லையே.

— இருந்துச்சு. ஒரு சின்ன அம்புக்குறிக்குள்ள மூடிக் கெடந்துச்சு, நீங்க தட்டிப் பாக்கல. டெலிவரிக்காரங்களுக்குச் சொல்றது. பின்னாடி ஹைருல் எடுக்குற சீட்டுல மட்டும் அடிச்சு வரும். மலாய்ல எழுதியிருக்காரு.

— என்னன்னு சொல்லு.

— 'ஹைருல், என் மனைவி உன்னைத் திட்டினா மறுநாள் ரெண்டு முழம் கொண்டு போ. ஏன்னு சொல்லாதே.'

— எப்போ எழுதுனது?

— மூணு வருஷத்துக்கு முன்ன. மார்ச் பதினாலு.

— அப்ப ஆஸ்பத்திரில இருந்தாரு. லேப்டாப்ப மடில வச்சிக்கிட்டு, கடை வேலை கொஞ்சம் பாக்கின்னாரு. இந்த நேரத்துல என்ன கடை வேலைன்னு சத்தம் போட்டேன்.

— ரெண்டு முழம் வந்திருக்காக்கா?

— எத்தன தடவ. ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியாதாடான்னு அதுக்கும் அவனத் திட்டுனேன்.

— அப்போ அதுக்கும் மறுநாள் ரெண்டு வந்திருக்குமே.

— வந்துச்சு. ஒரு தடவ ஒரு வாரம் விடாம வந்துச்சு.

— சிரிக்காதீங்கக்கா, எனக்கும் சிரிப்பு வருது. சரி, இந்த மஞ்சக் கட்டம் இப்படியே வெளிய இருக்கட்டுமா?

— வேணாம். மத்ததெல்லாம் உன் இஷ்டம், இத மட்டும் பழைய மாதிரி அம்புக்குறிக்குள்ள மூடி வை. நான் பாத்தது ஹைருலுக்குத் தெரியக் கூடாது.

— ஏன்க்கா?

— சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சீட்டு எடுக்க வருவான். நல்லாத் திட்டணும்.