ஆளுக்குத் தகுந்த பேச்சு

— பையக் கீழ வை லாத்தா. எலும்பு ஒடஞ்சு பிளேட்டு வச்ச தோள்ல போயி லேப்டாப்பத் தூக்கிக்கிட்டு நிக்க.

— பஸ்ஸு இப்ப வந்துரும்ளா. நீ எதுக்கு இப்படி அழுவுத? நாலு பேரு பாக்குதாவ.

— பாக்கட்டும். நான் மறந்துட்டு வந்த சார்ஜரக் குடுக்க, மேலப்பாளையத்துலேருந்து பாளையங்கோட்டைக்கு ஓடி வந்திருக்க. டாக்டர்மாரு கூட்டத்து வாசல்ல எங்க சார், "இவங்க யாரு நஃபீஸத்?"ன்னு கேக்காவ. கூடப் பொறந்த அக்கான்னு சொல்ல வாய் வரல. பக்கத்து வீட்டுக்காரங்கன்னு சொல்லிட்டேன். அல்லாவே, வெக்கமா இருக்கு லாத்தா!

— ஒரு பாயிலதான ரெண்டு பேரும் படுக்கோம். பக்கம்னு சொன்னா பொய்யா?

— வெளையாடாத. உம்மா மௌத்தானதுலேருந்து பீடி சுத்தி என்னையப் படிக்க வச்சவ நீ. ஒன் மேல புகையிலை வாடை அடிக்குமோன்னு நெனச்சுத்தான் அப்படிச் சொன்னேன். என்னையச் செருப்பால அடி.

— அடிச்சா செருப்புக்குத்தான் கேடு. விடு அத. நீ பேசுனத முழுசாக் கேட்டேன் தெரியுமா? இங்கிலீசு ஒனக்கு வாய்க்கால் தண்ணியால்லா ஓடுது!

— நீ உள்ளயா இருந்த? வீட்டுக்குப் போயிருப்பன்னுல்லா நெனச்சேன்.

— கடைசி வரிசையில இருந்தேன். ஏசி குளுருக்கு இருமல் வந்து ஒனக்குக் கொறச்சலாயிரக் கூடாதேன்னு துப்பட்டியக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். ஆனா ஒண்ணுளா. போன வாரம் நம்ம தெருப் பொம்பளையகிட்டயும் இதே பீடி விசயத்தத்தான பேசுன? அங்கன ஒரே சிரிப்பாணி. "ஜன்னலத் தொறந்து வைங்க, மூக்கக் கட்டிக்கிடுங்க"ன்னு சொல்லி முடிச்சிட்ட. இங்கன என்னன்னா கோடு, கணக்கு, படம். ஹமீது பீவி நான் கூப்பிட்டேன்னு தெருவே வந்து எடுத்துச்சே, அந்த நெஞ்சு எக்ஸ்ரே படமெல்லாம் இங்கனதான் காட்டுத.

— ஆளுக்குத் தகுந்த மாதிரி பேசணும் லாத்தா. எங்க சார் மொதல்ல சொல்லிக் குடுத்ததே அதுதான். டாக்டர்மாருக்குப் படம் வேணும். நம்ம தெருவுக்கு என்ன செய்யணும்னு சொன்னாப் போதும். யாருக்கு எது வேணுமோ அத மட்டும் சொல்லணும்.

— அதுவும் சரிதான். கடைசியா ஒரு படம் போட்டியே, அதுக்கு எல்லாரும் நாற்காலிய முன்னால இழுத்துப் போட்டுப் பாத்தாவளே. ஒங்க சாருக்குச் சந்தோசம் தாங்கல.

— எந்தப் படம்?

— பேரு இல்லாம நம்பர் மட்டும் போட்டிருந்துச்சே. செவப்பு லைட்டு வச்சு ஒரு எடத்தச் சுத்திச் சுத்தி வட்டம் போட்டியே. அங்கன வெள்ளையா, நெல்லிக்காத் தண்டிக்கு என்னமோ கெடந்துச்சே.

— பஸ்ஸு வருது லாத்தா, வா.

— அது டவுணுக்குப் போறது. ஏளா, என் மூஞ்சியப் பாரு. எனக்கு இங்கிலீசுதான் தெரியாது. அந்தப் படத்துல தோள்ல கெடந்த என் பிளேட்டும் நாலு ஸ்குரூவுமா எனக்குத் தெரியாது?

— லாத்தா...

— நோம்புக்கு முன்னால, "ஒன் நெஞ்சு சுத்தமா இருக்கு லாத்தா"ன்னு சொன்னியே. அப்பமே தெரியுமா?

— தெரியும். அந்தப் படம் இருந்தாத்தான் பேச்சு எடுபடும்னு சார் சொன்னாவ. ஒங்கிட்ட சொன்னா நீ ஒடைஞ்சு போவ, நானும் ஒடைஞ்சு போவேன், மேடையில நிக்க முடியாது. இன்னைக்கு ஒரு நாள் முடியட்டும், பொறவு சொல்லுவோம்னு... நான் எல்லாம் ஒரு மனுசியா லாத்தா? மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?

— கண்ணத் தொடை. அம்புட்டு டாக்டர்மாருக்கும் வெளங்குத மாதிரி சொன்னவதான நீ? இந்தா, பக்கத்து வீட்டுக்காரி நிக்கா. அவளுக்குத் தகுந்த மாதிரி இப்பச் சொல்லு, கேக்குதேன்.