மஞ்சள் கோட்டுக்கு அப்பால்

வெளியே போய்ப் புகைத்துவிட்டு வர வேண்டியவர்கள் இப்போதே போய் வந்துவிடுங்கள். கதை முடிந்த பிறகு அந்தப் பின்கதவைத் திறக்க யாருக்கும் மனசு வராது.

எல்லாரும் வந்தாயிற்றா? அடுப்பில் இன்னொரு கட்டை வையுங்கள். இந்தக் காற்றுக்குக் கரண்ட் விடியும்வரை வராது.

இது மார்த்தேயின் பெரியப்பா மகன் எயிலிஃபுக்கு நடந்தது. மார்த்தே இதோ உட்கார்ந்திருக்கிறாள். எங்காவது தவறினால் அவளே திருத்தட்டும்.

மதியம் ஒரு மணி... எயிலிஃப் ஸ்குல்நெஸ் விமான நிலையத்துக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான். நல்ல இருட்டு. நம் வடகோடியில் டிசம்பரில் மதியத்துக்கும் நடுராத்திரிக்கும் கடிகாரத்தில் மட்டும்தானே வித்தியாசம். மீன் ஆலையைத் தாண்டிவிட்டால் அந்தச் சாலையில் வீடு கிடையாது. ஒரு பக்கம் கடல். மறு பக்கம் பனி. முன்னால் வண்டி விளக்கு காட்டுகிற அளவுக்குத்தான் உலகம்.

மீன் ஆலையைத் தாண்டியதும் வண்டிக்குள் ஒரு வாடை. கையால் சுருட்டிய சிகரெட்... அதோடு நனைந்த கம்பளி.

எயிலிஃப் பிறந்ததிலிருந்து புகைத்ததில்லை. உதட்டுக்கு அடியில் ஸ்னூஸ் புகையிலை வைப்பான், அவ்வளவுதான். அவன் வண்டியில் யாரும் புகைத்ததும் இல்லை. கண்ணாடியை இறக்கினான். குளிர் முகத்தில் அறைந்தது. வாடை போகவில்லை. இன்னும் கிட்டே வந்தது. பின் இருக்கையில் இருந்து, காதுக்குப் பக்கத்தில்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அது யாருடைய வாடை என்று அவனுக்குத் தெரியும். சரியாக ஒரு வருஷம் ஆகியிருந்தது.

ஒரு வருஷம் பின்னால் போவோம்.

ஸ்குல்நெஸ் சின்ன நிலையம். பையைச் சோதிப்பவனும் எயிலிஃப், விளக்கை அணைப்பவனும் எயிலிஃப், பூட்டிக்கொண்டு கடைசியாகக் கிளம்புபவனும் எயிலிஃப். சோதனையைத் தாண்டி உள்ளே வந்தவர்கள் மறுபடி வாசலுக்குப் போக முடியாது. அவர்கள் புகைப்பதற்கென்று காத்திருக்கும் அறைக்குப் பின்னால் ஒரு முற்றம் இருந்தது. சுற்றிலும் சுவர், அதன் மேல் முள்கம்பி. உள்ளே வர ஒரே ஒரு கண்ணாடிக் கதவு.

கதவைத் திறக்கும்போதெல்லாம் புகை உள்ளே வருகிறது என்று யாரோ ஒருமுறை முகம் சுளித்தார்கள். மறுநாளே எயிலிஃப் ஒரு டப்பா மஞ்சள் பெயிண்டோடு வந்தான். முற்றத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தான். இனிமேல் கோட்டுக்கு அப்பால் போய்த்தான் பற்றவைக்க வேண்டும். கோட்டுக்கு அப்பால் என்றால் சுவர் மூலை திரும்பி. அங்கே நின்றால் கதவிலிருந்து பார்ப்பவருக்கு ஆள் தெரியாது.

நிலையத்தில் யாரும் அப்படி ஒரு விதி போடச் சொல்லவில்லை. அது அவனுடைய விதி. அதனாலேயே அதில் அவனுக்கு அத்தனை பிடிப்பு.

சுன்னிவா மீன் ஆலையில் வேலை பார்த்தவள். முப்பது வயதுகூட ஆகவில்லை. அவள் அம்மா ட்ரொம்ஸோ ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அம்மாவைப் பார்க்க அடிக்கடி விமானம் ஏறுவாள். ஏறுவதற்கு முன்னால் கையால் சுருட்டிய ஒரு சிகரெட். கோடு போட்ட புதிதில் மறந்துபோய்க் கதவருகிலேயே பற்றவைப்பாள். எயிலிஃப் உள்ளேயிருந்து சாவியால் கண்ணாடியைத் தட்டுவான். டிங்... டிங்... டிங். விரலை நீட்டிக் கோட்டைக் காட்டுவான்.

அவள் சளைத்தவள் இல்லை. "ரஷ்யா பார்டர்லகூட இவ்ளோ கெடுபிடி கெடையாது எயிலிஃப். தாண்டுறதுக்கு பாஸ்போர்ட்ல முத்திரை குத்துவியா?"

"அந்தப் பக்கம் போ சுன்னிவா. சட்டம்னா சட்டம்தான்."

"ஆகட்டும் ராஜா."

அதற்குப் பிறகு அவள் ஒருமுறைகூடத் தவறவில்லை. கோடு பனிக்குள் புதைந்த பிறகும் அது எங்கே இருக்கிறது என்று அவள் காலுக்குத் தெரியும். முற்றத்தில் வேறு யாரும் இல்லாவிட்டாலும் மூலை திரும்பித்தான் நிற்பாள்.

அவள் புருஷன் யோஸ்டைனுக்கு அதே நிலையத்தில்தான் வேலை. ஓடுபாதையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவான்.

அந்த வெள்ளிக்கிழமை மதியத்திலேயே காற்று பிடித்துக்கொண்டது. விமானம் ரத்து. பயணிகளைப் பக்கத்து ஊர் நிலையத்துக்குக் கொண்டுபோகப் பேருந்து வந்து நின்றது. அதுவும் உடனே கிளம்பினால்தான் மலைப்பாதை மூடுவதற்குள் தாண்டும். எயிலிஃப் அறிவித்தான். எல்லாரும் அடித்துப் பிடித்து ஓடினார்கள். முற்றத்தில் ஒலிபெருக்கி கிடையாது.

அறை காலியானது. பெஞ்சில் ஒரு நீல மேல்கோட்டும் ஒரு பையும் கிடந்தன. யாரோ மறந்துவிட்டார்கள், நாளைக்குக் கேட்டு வருவார்கள் என்று நினைத்தான். இரண்டையும் எடுத்துப்போய், தொலைந்த பொருள்கள் வைக்கும் அலமாரியில் போட்டான்.

பிறகு கண்ணாடிக் கதவு. பூட்டும் முன் வெளியே போய், மூலை திரும்பி, ஒரு பார்வை பார்த்துவிட்டு வர வேண்டும். அதுதான் நிலையத்தின் உண்மையான விதி. எயிலிஃப் கண்ணாடி வழியாகப் பார்த்தான். உள்ளே வெளிச்சம், வெளியே இருட்டு. கண்ணாடியில் அவன் முகம்தான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை... வீட்டில் டாகோ சாப்பாடு. பிள்ளைகள் காத்துக்கொண்டிருப்பதாக மனைவி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள்.

பூட்டினான்.

விளக்குகளை வரிசை வரிசையாக அணைத்தான். கடைசி வரிசை அணைந்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

டிங்... டிங்... டிங்.

கொடிக் கம்பத்தில் கயிறு அடிக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். போய்விட்டான்.

அன்று காலை, புயல் வரும் என்று, அந்தக் கயிற்றை அவன் கையாலேயே கழற்றி உள்ளே வைத்திருந்தான். இதை அவன் தன் வாழ்நாளில் ஒரே ஒருவரிடம்தான் சொன்னான். கிறிஸ்துமஸ் ராத்திரி, நன்றாகக் குடித்த பிறகு, மார்த்தேயிடம்.

யோஸ்டைன் அவள் பேருந்தில் போய்விட்டாள் என்று நினைத்தான். அவள் போன் எடுக்கவில்லை. புயலில் போன் கோபுரம் விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டான். விடிகாலையில் கதவின் கீழே பனிக்குள் அவளைக் கண்டதும் அவன்தான். மேலே கம்பளிச் சட்டை மட்டும். கண்ணாடியின் வெளிப்புறம் முழுக்கப் பொடிப்பொடியாகக் கொத்தல்கள்... கல்யாண மோதிரத்தால் தட்டியிருக்கிறாள்.

போலீஸ் கேட்டது. எயிலிஃப் ஒரு நொடி யோசித்தான். கதவைத் திறந்து வெளியே போனேன், மூலைவரை பார்த்தேன், யாரும் இல்லை என்றான். சுவரேறி வேலிப் பக்கம் எங்காவது புகைக்கப் போயிருப்பாள், நான் பூட்டிய பிறகு திரும்பி வந்திருப்பாள் என்றான். முள்கம்பியை எப்படித் தாண்டினாள் என்று யாரும் கேட்கவில்லை. விதியை மீறியவள் அவள்தான் என்று ஆயிற்று. ஊரும் அப்படியே பேசியது. ஒரு சிகரெட்டுக்காகச் செத்தவள் என்றார்கள். அவளை அடக்கம் செய்த அன்று, தேவாலய வாசலிலேயே அப்படிப் பேசினார்கள். யோஸ்டைன் காதுபட.

அவன் எயிலிஃபிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "நீ வெளிய போய்ப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப சரி." அதோடு வேலைக்குப் போய்விட்டான்.

நிலையத்தில் எங்கேயும் புகைக்கக் கூடாது என்று பலகை வந்தது. கொத்திப்போன கண்ணாடியை எடுத்துவிட்டுப் புதுக் கண்ணாடி மாட்டினார்கள். முற்றம் மட்டும் இருந்தது. அவசரத்துக்கு வெளியேறும் வழி என்பதால் அங்கே விழும் பனியை எயிலிஃப் அள்ள வேண்டும்.

அடுத்த குளிர்காலத்தின் முதல் பனியை அள்ளப் போனபோது ஒரு சிகரெட் துண்டைப் பார்த்தான். கையால் சுருட்டியது, ஒல்லியாக. அணைந்து அதிக நேரம் ஆகவில்லை. சுற்றிலும் பனியில் காலடி கிடையாது. மறுநாள் இன்னொன்று. அள்ளிப் போடப் போட வந்தது. எல்லாம் கோட்டுக்கு அப்பால். ஒன்றுகூட, ஒரு சாம்பல் துணுக்குகூட, கோட்டுக்கு இந்தப் பக்கம் விழவில்லை.

அப்புறம் வாடை உள்ளே வந்தது. பயணிகள் மூக்கைப் பொத்தினார்கள். எயிலிஃப் கடந்துபோனால் கூரையில் இருந்த புகை எச்சரிக்கை மணி அலறியது. நிலைய மேலாளர் அவனைத் தனியே கூப்பிட்டு, "ஊரையே கோட்டுக்கு அந்தப் பக்கம் வெரட்டுனவன் நீ. இப்ப ஒளிஞ்சு ஊதுறது யாரு?" என்று கேட்டார். அவன் உதட்டைத் தூக்கி ஸ்னூஸைக் காட்டினான். அவர் நம்பவில்லை. அவன் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது அந்த மதியத்துக்கு வருவோம். வாடையோடு வண்டி ஓட்டி வந்தானே, அந்த மதியம்.

காற்றே இல்லை அன்றைக்கு. உறைந்துபோன அமைதி. கடல்கூட மூச்சு விடவில்லை. விமானம் வந்தது, ஏற்றிக்கொண்டது, போனது. அறையில் எயிலிஃபும் யோஸ்டைனும் மட்டும். யோஸ்டைன் குடுவையிலிருந்து கடைசிக் காப்பியை ஊற்றிக் குடித்தான். வருஷம் முழுக்கப் பேசாதவன் அன்று பேசினான்.

"ஒரே ஒரு தடவ மாத்திச் சொல்லு எயிலிஃப். போலீஸ்ல வேணாம். எங்கிட்ட வேணாம். வர்ற ஞாயித்துக்கிழமை சர்ச் வாசல்ல நின்னு சொல்லு. அவ சுவரைத் தாண்டி எங்கயும் போகல, நீ சொன்ன எடத்துலதான் நின்னான்னு. அவ பேரு சுத்தமாகணும். அவ்ளோதான்."

எயிலிஃப் சாவிக்கொத்தைப் பார்த்தான். வேலை போகும். ஊர் காறித் துப்பும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது. எல்லாம் தெரிந்தது அவனுக்கு.

"வெளிய போய்ப் பாத்தேன்னு சொன்னேன்ல," என்றான்.

யோஸ்டைன் குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். "சரி. அவகிட்டயும் அதையே சொல்லு." வண்டி ஓட்டப் போய்விட்டான்.

எயிலிஃப் விளக்குகளை வரிசை வரிசையாக அணைக்கத் தொடங்கினான். பாதி அணைந்திருக்கும்போது...

டிங்... டிங்... டிங்.

காற்று இல்லை. கயிறு என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. கதவருகே போனான். பாதி விளக்கு அணைந்திருந்ததால் இந்தத் தடவை கண்ணாடியில் அவன் முகம் தெரியவில்லை. வெளியே தெரிந்தது. முற்றம். பனி. மூலைக்கு அப்பாலிருந்து நீலமாக ஒரு புகைக்கீற்று... வளைந்து... மெதுவாக.

யோஸ்டைன்தான் விளையாடுகிறான் என்று நினைத்தான். அப்படி நினைத்துக்கொண்டால்தான் அவனால் அங்கே நிற்க முடிந்தது. ஒரு பார்வை பார்த்து, பிடித்துவிட்டால் இந்தத் தொல்லை இன்றோடு தீரும். கதவு திறக்கும் அட்டையும் சாவிக்கொத்தும் போனும் மேல்கோட்டுப் பையில் இருந்தன. மேல்கோட்டு பெஞ்சில் கிடந்தது. ஒரு நிமிஷ வேலைதானே. கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் ரப்பர் ஆப்பை வைத்துவிட்டு வெளியே போனான். சட்டையோடு. மஞ்சள் கோட்டைத் தாண்டினான். மூலை திரும்பிப் பார்த்தான்.

ஒரு வருஷமாகச் செய்தேன் என்று சொல்லிவந்ததை அன்றுதான் முதன்முதலாகச் செய்தான்.

யாரும் இல்லை.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. அவசரமே இல்லாமல்... க்ளிக்.

உள்ளே மிச்சமிருந்த விளக்குகள் அணையத் தொடங்கின. வரிசை... வரிசையாக.

காலையில் அவனைக் கண்டதும் யோஸ்டைன்தான். எயிலிஃப் கதவருகே இல்லை. மஞ்சள் கோட்டுக்கு அப்பால், மூலையில், சுவரில் சாய்ந்து நின்றபடியே விறைத்திருந்தான். உதட்டுக்கு அடியில் ஸ்னூஸ். விரலிடுக்கில் கையால் சுருட்டிய சிகரெட், அடிவரை எரிந்து தோலைச் சுட்டிருந்தது. ரப்பர் ஆப்பு உள்ளே ஜன்னல் விளிம்பில் இருந்தது. அவன் மேல்கோட்டைத் தேடினார்கள். தொலைந்த பொருள்கள் அலமாரியில், ஒழுங்காக மடித்து வைத்திருந்தது.

கதவில் புதுக் கண்ணாடி முழுக்கப் பொடிப்பொடியாகக் கொத்தல்கள். வெளியே இருப்பவன் தட்டியிருப்பான் என்று போலீஸ்காரர் கையுறையைக் கழற்றித் தடவிப் பார்த்தார். வெளிப்புறம் வழவழவென்று இருந்தது. கொத்தல்கள் உள்பக்கம்.

ராத்திரி நீ பனி தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போயிருப்பாயே, ஒன்றும் கேட்கவில்லையா என்று யோஸ்டைனிடம் கேட்டார்.

"ஏதோ தட்டுற மாதிரி கேட்டுச்சு," என்றான் யோஸ்டைன். "கொடிக் கம்பத்துக் கயிறுன்னு நெனச்சேன்."

மார்த்தே, கிறிஸ்துமஸ் ராத்திரி எயிலிஃப் சொன்ன அந்தக் கயிற்று விஷயம்... அதை நீ யோஸ்டைனிடம் சொன்னாயா? யாரிடமாவது?

மார்த்தே அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இல்லை என்று தலையை ஆட்டுகிறாள்.

"இன்னைக்குச் சாயங்காலம் உன்கிட்ட சொன்னதுதான். அதுவரைக்கும் யார்கிட்டயும் வாயத் தொறக்கல."