தமிழ் ஆள் இல்லாத ஊர்

செஞ்சி பஸ் நிலையத்தில் திண்டிவனம் பஸ் உறுமிக்கொண்டே கிளம்பாமல் நின்றது. முன் சீட்டில் இருந்த பெண் வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் ஏஜெண்டிடம் போனில் சொன்னாள்: "தமிழ் ஆளுங்களே இல்லாத ஊரா பாத்து சொல்லுங்க சார்."

பக்கத்தில் இருந்த அவள் அப்பா மடியிலிருந்த பையை இறக்கினார், மறுபடி ஏற்றினார்.

"இன்னாம்மா இப்பிடி கேக்குற?"

"நான் ரஷ்ய பாஷை படிக்கப் போறேன் நைனா. கிர்கிஸ்தான்லயும் ரஷ்ய பாஷை பேசுவாங்க, ஆனா அங்க நம்ம பசங்க நெறைய. அங்க போனா ரூம்ல பூரா தமிழ்தான் பேசிக்கினு இருப்போம்."

"சிங்கவரத்துப் புள்ள அங்கதான டாக்டருக்குப் படிக்குது. சோறு பொங்கி சாப்ட்டுக்கினு நல்லாத்தான இருக்குது."

"கடையில இன்னும் வெரலக் காட்டித்தான் உப்பு வாங்குதாம்."

"சரி, ரஷ்யாவுல பெரிய ஊரா பாக்கலாம்ல?"

"அங்க இங்கிலீஷ வச்சே சமாளிச்சிடுவேன். சின்ன ஊருன்னாதான் வாயத் தொறப்பேன்."

அவர் ஜன்னலைச் சாத்தினார். உடனே திறந்தார்.

"வவுறு வலிக்குதுன்னு அவங்க பாஷையில எப்பிடி சொல்லுவ?"

அவள் போனை எடுத்தாள், வைத்தாள்.

"ஆறு மாசமா போன்ல படிக்கிறேன் நைனா. லைப்ரரி எங்க இருக்குதுன்னு கேக்கத் தெரியும்."

பஸ் கிளம்பியது. கோட்டை மலை பின்னால் போனது. பிறகு அவர் ஜன்னல் பக்கமே பார்த்தபடி சொன்னார்:

"வவுறு வலிக்குதுன்னு சொல்றத மொதல்ல கத்துக்க. அப்புறம் எந்த ஊருன்னாலும் போ."